இரண்டு பத்தொன்பதாம் அத்தியாயங்கள்

ஜனவரி 9

அண்ணி,

பதினெட்டாம் அத்தியாயம் இன்று காலை வந்து சேர்ந்தது. வாசலிலேயே உறையைக் கிழித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்தேன். எப்போதும் அப்படித்தானே செய்வேன். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

"அவள் கடையைப் பூட்டிவிட்டு, முதலில் வந்த பேருந்தில் ஏறி, ஊரை விட்டே போய்விட்டாள்."

முழு வாக்கியம்! என்ன அண்ணி இது? கை தவறி முடித்துவிட்டீர்களா, இல்லை வேண்டுமென்றே முடித்தீர்களா?

நாம் இரண்டு பேரும் ஒரே பெயரில் எழுதத் தொடங்கிய அன்றைக்கு உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சட்டம் போட்டோம். ஒற்றைப்படை அத்தியாயம் எனக்கு, இரட்டைப்படை உங்களுக்கு. அத்தியாயத்தின் கடைசி வாக்கியத்தைப் பாதியில் விட வேண்டும், மற்றவள் அதை முடித்துவிட்டுத்தான் தன்னுடையதைத் தொடங்க வேண்டும். அடுத்து என்ன என்று ஒருத்திக்கொருத்தி மூச்சு விடக் கூடாது. அனுப்பியதை மாற்றக் கூடாது. இப்படித்தான் முதல் நாவல் முழுவதையும் எழுதினோம். எனக்கு வேலை கிடைத்து இவ்வளவு தூரம் வந்த பிறகும், தபாலில் இரண்டாவது நாவலைப் பதினேழு அத்தியாயம் வரை இழுத்து வந்தோம். நான் முடித்து வைக்க இப்போது பாதி வாக்கியம் இல்லை. தாழ்ப்பாள் போட்ட கதவின் முன்னால் நிற்கிறேன்.

நம் சாவிக்காரியை இப்படி அனுப்பலாமா? பேருந்து நிலையத்தில் அந்தப் பெட்டி அளவுக் கடையில் உட்கார்ந்து ஊருக்கே சாவி வெட்டிக் கொடுத்தவள். ஒரு பை எடுத்துக்கொண்டாளா என்றுகூடச் சொல்லவில்லை நீங்கள்.

போன் செய்தால் அண்ணன்தான் எடுக்கிறார். "அவ குளிக்கிறா" என்கிறார். காலையில் செய்தாலும் குளிக்கிறீர்கள், மத்தியானம் செய்தாலும் குளிக்கிறீர்கள். என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நீங்கள் வைத்த பெயரிலேயே,
வாலு

ஜனவரி 16

வாலு,

கை தவறவில்லை.

போன மாதம் வானொலியில் உன் பேட்டி வருகிறது என்று மருந்துக் கடையில் அரை நாள் விடுப்பு கேட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்தேன். உங்கண்ணன் ரேடியோவை மேசை நடுவில் வைத்து, பக்கத்து வீட்டு ஆசிரியையையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். ஏதோ கல்யாண வீடு மாதிரி இருந்தது. ரெண்டு பேர் சேர்ந்து எப்படி ஒரு நாவல் எழுதுகிறீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டார். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது.

"கதை எனக்குத் தானா வந்துடும். அண்ணி பொறுமையா உக்காந்து அதை ஒழுங்குபடுத்துவாங்க."

ஆசிரியை என் பக்கம் திரும்பி, "ஓ, நீங்க டைப் அடிச்சுக் குடுக்கறீங்களா?" என்றார். நல்ல மனுஷிதான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு எரிந்த எரிச்சலில் அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

தானாக வருமாம். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பெரியவர் உனக்குத் தானாக வந்தார். மாதா மாதம் சாவிக்காரியிடம் ஒரே சாவியைக் கொண்டு வந்து நகல் எடுத்துக்கொண்டு போகிறவர். எதற்கு எடுக்கிறார்? உனக்கே தெரியாது. விருந்தாளியைக் கூட்டி வந்து நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்து, இருமலுக்கு மருந்து கொடுத்து உயிரோடு வைத்திருப்பது யார்?

எனக்கு எதுவும் வருவதில்லை, வாலு. நான் போய்த்தான் எடுத்துக்கொண்டு வருகிறேன். பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்னால் அந்த ஆடுகிற மேசையில் உட்காருகிறேன். ஒரு வரி எழுதுகிறேன், அடிக்கிறேன். பால் பொங்குகிறது, போய் அணைத்துவிட்டு வருகிறேன். மறுபடி அந்த வரியைப் பார்க்கிறேன், அது பொய்யாக இருக்கிறது, மறுபடி அடிக்கிறேன். இதற்குப் பெயர் ஒழுங்குபடுத்துவது என்றால், இருக்கட்டும்.

ஆகையால் சாவிக்காரியைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டேன். இனி உனக்குத் தானாக வருவதையெல்லாம் நீயே எழுதிக்கொள். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணி

ஜனவரி 24

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள் என்றார்கள், வாய் உலர்ந்துவிட்டது, என்னவோ உளறினேன், அதற்காக ஒரு நாவலையே கொன்றுவிடுவதா என்று நாலு பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. சரி, அண்ணி இல்லாமல் எழுதிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

எனக்கு எப்போது கதை வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆய்வகத்தில் பல் செட்டுக்கு மெழுகில் பல் அடுக்கும்போது. கை பாட்டுக்கு வேலை செய்யும், மனசு எங்கேயோ போய் எதையாவது கவ்விக்கொண்டு வரும். இந்த முறை முழுசாக எட்டு வாய்க்குப் பல் கட்டிவிட்டேன், மனசு வெறுங்கையோடு திரும்பி வந்தது. எனக்குப் பயமாகிவிட்டது அண்ணி. நிஜமாகவே பயம். இதுவரை எனக்கு வந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது?

பழைய அத்தியாயங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தேன். பெரியவர் எப்படி வந்தார் தெரியுமா? இரண்டாம் அத்தியாயத்தை நீங்கள் இப்படி விட்டிருக்கிறீர்கள்: "சாவிக்காரி தலை நிமிர்ந்தபோது கடை முன்னால் ஒரு பெரியவர் நின்றார், அவர் கையில்". நின்றவரும் உங்களுடையவர், கையும் உங்களுடையது. நான் செய்ததெல்லாம் அந்தக் கையில் ஒரு சாவியை வைத்ததுதான். அதற்கு வானொலியில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். மற்ற அத்தியாயங்களையும் பார்த்தேன், எல்லாம் இதே கதைதான். நான் வெறும் தரையிலிருந்து ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. ஒவ்வொரு தடவையும் நீங்கள் ஒரு பலகை போட்டு வைத்திருக்கிறீர்கள்.

அதனால் நீங்கள் செய்கிற மாதிரியே செய்து பார்த்தேன். வேலைக்குப் போகும் முன்னால், ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் தேநீர் குடித்தேன். இரண்டாம் நாள் நகம் வெட்டினேன். அதற்கு அடுத்த நாள் எதிர் மாடியில் துணி காயப்போடுகிறவளை வெறித்துப் பார்த்தேன், அவள் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். இதையா அண்ணி வருஷக்கணக்காகச் செய்கிறீர்கள்? எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறீர்கள்?

பிறகு ஒரு நாள் ஒரு வரி நின்றது. அடித்தேன், மறுபடி அங்கேயே வந்து நின்றது. பெரியவர் சாவியோடு வருகிறார், கடை பூட்டியிருக்கிறது, வாடிக்கையாளர்களுக்காகச் சாவிக்காரி வெளியே போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் கேட்கிறார், "ஒரே சாவிய எதுக்கு சார் திரும்பத் திரும்ப வெட்டறீங்க?" பெரியவர் சொல்கிறார், "என் பொண்ணு தொலைச்சுக்கிட்டே இருக்கா. நானும் குடுத்துக்கிட்டே இருக்கேன்."

மகள்! அதை எழுதியதும் எழுந்து அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். வீட்டுக்காரம்மா கீழேயிருந்து, "என்னம்மா சத்தம், எலியா?" என்றார். எலி இல்லை, பத்தொன்பதாம் அத்தியாயம் என்று கத்தலாம் போலிருந்தது. இது தானாக வரவில்லை அண்ணி, நானே நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்தேன். கால் வலிக்கிறது, அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

அத்தியாயத்தை இதோடு வைத்திருக்கிறேன். கடைசி வாக்கியத்தைப் பாதியில்தான் விட்டிருக்கிறேன். முடிப்பதும் முடிக்காததும் உங்கள் இஷ்டம். நான் பேசியது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

வாலு

ஜனவரி 25

வாலு,

கோபம் போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னிடமிருந்து பதிலும் இன்னும் வரவில்லை. ஆனால் இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? உங்கண்ணனிடம் சொன்னேன். "நல்லாருக்கே" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். இந்த வீட்டில் கூடச் சேர்ந்து கத்துவதற்கு ஓர் ஆள் இல்லை.

வந்துவிட்டதடி! தானாக! எனக்கு!

கடையில் மேல் தட்டிலிருந்து இருமல் மருந்து எடுக்க ஏணியில் ஏறினேன். பாட்டிலில் கை வைத்தேன், அவ்வளவுதான். யோசிக்கவில்லை, தேடவில்லை. பெரியவர் முழுசாக எதிரில் நிற்கிறார். அவர் யாருக்காகவும் நகல் எடுக்கவில்லை. தன் வீட்டுச் சாவியைத்தான் எடுக்கிறார், எடுத்து வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார். மின்சாரக் கணக்கு எடுக்க வருகிறவருக்கு, முடி வெட்டுகிறவருக்கு, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு. "எப்ப வேணா வாங்க, கதவத் தட்டக்கூட வேணாம்" என்று சொல்லிக் கொடுக்கிறார். ஒருத்தர்கூடப் போனதில்லை.

ஏணியின் மேல் நின்றபடியே "ஐயோ!" என்று கத்திவிட்டேன். கீழே நின்றவர் மருந்து தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்துப் போய்விட்டார். முதலாளி என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். உனக்கு இது இப்படித்தான் வருமா? மாதா மாதமா? உன் மேல் பொறாமையாக இருக்கிறது.

பிறகு நான் சும்மா இருப்பேனா? பேருந்தில் போகிற சாவிக்காரியைத் தொடர்ந்து போனேன். பக்கத்து இருக்கைக்காரர் சாவிக் கொத்தை எடுக்கிறார். அதில் ஒரு சாவியில் தன் அரம் பட்ட பள்ளத்தை அவள் அடையாளம் கண்டுகொள்கிறாள். "இது எப்படி உங்ககிட்ட?" என்கிறாள். "யாரோ ஒரு பெரியவர் குடுத்தார். அவருக்குன்னு யாருமே இல்லையாம். நான் போகல" என்கிறார் அவர்.

பத்தொன்பது உன் முறை. தெரியும். திருடி எழுதி இதோடு வைத்திருக்கிறேன், வழக்குப் போடு. எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் கடைசி வாக்கியம் பாதியில் நிற்கிறது. பழக்கதோஷம், வேறொன்றும் நினைத்துக்கொள்ளாதே.

அண்ணி

பிப்ரவரி 2

அண்ணி! அண்ணி! அண்ணி!

என் கடிதமும் உங்கள் கடிதமும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று பார்க்காமலே தாண்டிப் போயிருக்கின்றன. இப்போது நம் கையில் இரண்டு பத்தொன்பதாம் அத்தியாயங்கள் இருக்கின்றன. உலகத்தில் வேறு எந்த நாவலுக்காவது இந்தக் கதி வந்திருக்குமா?

உங்களுடையதைப் படித்து நான் அழுதேன். முடி வெட்டுகிறவருக்குச் சாவி கொடுக்கிற இடத்தில் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் சிக்கல் எனக்கு உறைத்தது. உங்கள் பெரியவருக்கு யாருமே இல்லை. என் பெரியவருக்கு மகள் இருக்கிறாள். இரண்டில் ஒன்றைக் கிழித்தாக வேண்டும். என்னுடையதைத்தான் கிழிக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நானே நடந்து போய் எடுத்து வந்த முதல் அத்தியாயம் அண்ணி அது. இரண்டு நாள் அதன் நகலைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பியதை மாற்றக் கூடாது என்ற சட்டம் வேறு குறுக்கே நின்றது.

இன்று ஆய்வகத்தில் ஒரு கீழ்வரிசைக்கு மெழுகு சீவிக்கொண்டிருந்தேன். அசல் பல் மாதிரி தெரிவதற்காக ஒரு பல்லை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக வைப்போம். எல்லாம் நேராக இருந்தால் பொய்ப்பல் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் கோணல் பல்லை வைத்தேன், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பொய்! பெரியவர் பொய் சொல்கிறார் அண்ணி!

அவருக்கு மகளே இல்லை. இத்தனை பேருக்குச் சாவி கொடுத்தேன், ஒருத்தரும் வரவில்லை என்று ஒரு தேநீர்க் கடைக்காரரிடம் எந்த வாயால் சொல்வார்? அதனால் ஒரு மகளை இட்டுக்கட்டிச் சொல்கிறார். தொலைக்கிறாள், திட்டுகிறேன், திரும்பக் கொடுக்கிறேன் என்று சொல்லச் சொல்ல அவருக்கே அந்த மகள் பிடித்துப்போகிறது. என் அத்தியாயம் முதலில் வரும், படிக்கிறவர் மகளை நம்புவார். உங்களுடையது இருபதாகிவிடும், அதில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் வாயைத் திறப்பார். என் பாதி வாக்கியத்தை மட்டும் நீங்கள் முடித்து வைத்தால் போதும், ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டாம்!

மெழுகு வரிசை கையிலிருந்து விழுந்து நாலு பல் சிதறியது. மேற்பார்வையாளர் என்னை முறைத்தார், நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள், இதை யார் நினைத்தது? நான் நினைக்கவில்லை, எனக்கு அந்த மகள் நிஜம். நீங்களும் நினைக்கவில்லை, உங்களுக்கு மகள் இருப்பதே தெரியாது. நாம் சண்டை போட்டிருக்காவிட்டால் இந்தப் பொய் பிறந்தே இருக்காது. இதை நினைத்தால் எனக்குத் தலை கால் புரியவில்லை.

இருபத்தொன்றைத் தொடங்கிவிட்டேன், நாளை மறுநாள் அனுப்பிவிடுவேன். இன்னொன்று. நேயர்கள் நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்று வானொலியில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணி, நேரடி ஒலிபரப்பு. தயவுசெய்து அந்த நேரத்தில் குளிக்கப் போய்விடாதீர்கள்.

வாலு

பிப்ரவரி 13

அடி வாலு,

வியாழக்கிழமை அந்தப் பக்கம் நீ என்ன செய்தாய் என்று நாடே கேட்டது. இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

ரேடியோ கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்தேன். உங்கண்ணன் கூடத்தில் வைத்துவிட்டார், ஆசிரியையும் வந்துவிட்டார். சத்தம் தானாகக் காதில் விழுந்தால் நான் என்ன செய்வேன்? சோப்புக் கையோடு கதவோரம் வந்து நின்றேன். கதையெல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு நேயர் கேட்டதாக அறிவிப்பாளர் சொன்னார். நீ, "எங்க கதையெல்லாம் எங்கேருந்து வருதுன்னா" என்று ஆரம்பித்தாய். அப்புறம் சத்தமே இல்லை. உங்கண்ணன் ரேடியோவை இரண்டு தட்டு தட்டினார்.

"சொல்லுங்க" என்றார் அறிவிப்பாளர். பாவம், அவர் குரலே மாறிவிட்டது.

"நான் பாதிதான் சொல்லணும், அதுதான் எங்க சட்டம். மீதிய என் அண்ணி சொல்லுவாங்க. அவங்க நம்பர் வெளியில உக்காந்திருக்கறவர்கிட்ட குடுத்திருக்கேன், போடுங்க" என்கிறாய் நீ!

சொல்லி வாய் மூடவில்லை, இங்கே போன் அடிக்கிறது. வீட்டிலும் அடிக்கிறது, ரேடியோவிலும் அடிக்கிறது. உங்கண்ணன் போனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "அவ குளிக்கிறான்னு சொல்லவா?" என்கிறார். அவரை அப்படியே ஒரு தள்ளு தள்ளிவிட்டு எடுத்தேன். சோப்பில் வழுக்கிக் கீழே விழப் பார்த்தது. அறிவிப்பாளர் உன் பாதி வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார்.

நான் ஒரு வரியை ஏழு தடவை அடித்து எழுதுகிறவள். அன்றைக்கு அடிக்கப் பேனாவும் இல்லை, நேரமும் இல்லை. வாயைத் திறந்தேன்.

"அவ பாதியில விட்டுட்டுப் போற எடத்துலேருந்து வருது."

சத்தியமாக நான் யோசிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் நான் எதைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து மேசையின் அந்தப் பக்கம் யாரும் உட்காரவில்லை வாலு. பிள்ளைகளைக்கூட நான் உட்கார விடவில்லை. வானொலியில் நீ பேசியதற்கு மட்டும்தான் கோபம் என்று இத்தனை நாள் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்சியது எல்லோருக்கும் கேட்டது. அடுத்த முறை கைக்குட்டை கொண்டு போ.

ஆசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்ப நீங்கதான் எழுதறீங்களா?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னால் உங்கண்ணன், "பாதி" என்றார். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் இவ்வளவு சரியாக ஒரு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

உன் இருபத்தொன்று வந்தது. சாவிக்காரியைப் பெரியவர் வீட்டு வாசல் வரை கூட்டி வந்து, "அவள் தட்டாமல், சாவியைத் துளையில் நுழைத்து" என்று விட்டிருக்கிறாய். படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தவள்தான், இருபத்திரண்டை எழுதிவிட்டுத்தான் எழுந்தேன். அன்றைக்கு யாருக்கும் சரியான சாப்பாடு இல்லை. நாவல் முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கடைசி வாக்கியம் மட்டும் பாதியில் நிற்கிறது. இந்த முறை அதைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. மேசையில், நீ உட்காருகிற பக்கத்தில் வைத்திருக்கிறேன். முடிக்க வேண்டியவள் இங்கே வந்து முடிக்கட்டும்.

உறை ஏன் கனக்கிறது என்று பார்க்கிறாயா? உள்ளே தாளில் சுற்றி ஒரு சாவி இருக்கிறது. நம் வீட்டு வாசல் சாவி. நேற்று உங்கண்ணன் நகல் வெட்டி வாங்கி வந்தார்.

எப்போது வேண்டுமானாலும் வா என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் யாரும் வருவதில்லை என்று நம் பெரியவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். இந்த உறை கைக்குக் கிடைத்ததும் வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை காலை வா. தட்டாதே.

அண்ணி